பிரசாதமும் பால் பற்களும்

சித்தூர் வெல்ல மண்டிக்கு அருகே பிறந்து வளர்ந்த எனக்கு, சாப்பாடு முடிந்ததும் ஒரு வெல்லத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வது தகப்பனாரிடமிருந்து வந்த வழக்கம். வெள்ளைச் சர்க்கரைதான் பல்லுக்குச் சத்துரு, வெல்லத்தால் ஒரு தோஷமும் இல்லை என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில், என் மகளுக்கு இரவுதோறும் வெல்லம் கரைத்த பாலைப் புட்டியில் கொடுத்து, அவள் அதைச் சப்பியபடியே கண்ணயர்வதைக் கண்டு சந்தோஷமும் அடைந்தேன்.

அவளுடைய 4ஆம் வயதில், மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பேறிக் குழிவிழுந்து, ஓரிரவு வலி பொறாமல் அவள் துடித்த துடிப்பைப் பார்த்த பிறகே, மறுநாட் காலை திருப்பதிக்குப் பஸ் ஏறிக் குழந்தைகளின் பல் வைத்தியர் ஒருவரிடம் காண்பித்தோம். அந்த அம்மையார் பல்லைப் பரிசோதித்தது சிறிது நேரம். எங்களை விசாரித்தது வெகு நேரம். குழந்தை எவ்வளவு தின்கிறாள் என்பதைவிட, எத்தனை தடவை தின்கிறாள் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் வீட்டில் திருமலை லட்டு வந்தால் மூன்று நாள் அலமாரியில் இருக்கும். போகும்போதும் வரும்போதும் அவள் ஒரு விள்ளல் கிள்ளிக்கொள்வாள். பிரசாதமாயிற்றே என்று நாங்களும் தடுத்ததில்லை. இனிப்புப் பட்ட ஒவ்வொரு முறையும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன என்றும், உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க அரைமணிக்கு மேலும் ஆகலாம் என்றும், உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துபோவதால் இரவுப் புட்டி எல்லாவற்றிலும் கொடியது என்றும், கிருமிக்கு வெல்லமும் சர்க்கரையும் ஒன்றே என்றும் அவர் விளக்கினார்.

“விழுந்து முளைக்கிற பல்தானே, அம்மா?” என்று என் தாயார் கேட்டார். பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்து, பின்னால் வரும் நிரந்தரப் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு பற்களைப் பிடுங்கவும் இரண்டை அடைக்கவும் நேர்ந்தது.

புட்டியை நிறுத்தி டம்ளருக்கு மாற்றினோம். வெல்லத்தை ஒரேயடியாக நீக்காமல், இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் குறைத்ததால் குழந்தை பாலை வெறுக்கவில்லை. லட்டு வந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு எல்லோருமாகப் பகிர்ந்து உண்டு, வாய் கொப்பளித்துவிடுவது. சாயங்காலத்துக்கு அவித்த வேர்க்கடலை. இவற்றையெல்லாம் அவள் எளிதில் ஏற்றுக்கொண்டாள். ஆனால் ஒருநாள் என் கன்னத்தின் புடைப்பைச் சுட்டிக்காட்டி, “நீங்க மட்டும் தின்றீங்களே, அப்பா?” என்றாள். தகப்பனார் எனக்கு வாயால் உபதேசித்து அந்த வழக்கம் வரவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது, அன்றோடு விட்டேன்.

இரவில் அவளை மடியில் சாய்த்துப் பட்டாணியளவு பேஸ்டில் நானே பல் துலக்கிவிடுகிறேன். ஏழெட்டு வயதுவரை குழந்தையின் கைக்கு அந்த லாகவம் வராது. 6 வயதில், ஒரு பல்லும் விழாமலே பால் பல் வரிசைக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும், அதையும் பால் பல் என்றெண்ணி ஏமாறக்கூடாது என்று அம்மையார் எச்சரித்திருந்தார். சென்ற மாதம் டார்ச் வெளிச்சத்தில் அதன் வெண்முனையைக் கண்டோம். வரிசைமட்டத்துக்கு இன்னும் உயராத அதன் பள்ளத்தில் படும்படி பிரஷைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க இப்போது பழகிவருகிறேன்.