குழுப் பாட்டுக்கு மெட்டு கட்டலாம், வாங்க!



ஆண்டு விழா, மகளிர் தினம் என்று வந்துவிட்டால் "உங்க குழுவுல ஒரு பாட்டு பாடுங்க" என்று கேட்கிறார்கள். உடனே நாம் என்ன செய்கிறோம்? டி.வி.யில் ஓடுகிற சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் சேமிப்பு, சொந்தக் கால் என்று வார்த்தையை மாற்றிப் போடுகிறோம். கைதட்டல் நன்றாகத்தான் விழும். ஆனால் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறவர் வாயில் முணுமுணுப்பது அந்தச் சினிமாப் பாட்டைத்தான். கதாநாயகன் ஞாபகம் வருவான், நாம் சொன்ன சங்கதி ஞாபகம் வராது.

மெட்டுக்காக நாம் வெளியே கடன் வாங்க வேண்டியதில்லை. தொட்டில் ஆட்டியவர், கும்மி கொட்டியவர், இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தவர் எல்லாருமே மெட்டு தெரிந்தவர்கள்தான். மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்தபோது, இந்தக் கிராமத்து மெட்டுகளின் சாயல்தான் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இப்போது பாடத்துக்கு வருவோம். மேல்மலையில் பூண்டு போடுகிற நமக்காகவே கட்டிய இரண்டு அடி இது:

பூண்டு பரணிலே காயுதடி – விலை
பேச வந்தவன் வாசலிலே

முதலில் கும்மியாகப் பாடுங்கள். பூண்டு, பரணிலே, காயுத, டீவிலை என்று ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு கொட்டு. வாசலில் நிற்கிற வியாபாரியைக் கேலி செய்கிற மாதிரி இருக்கும். சிரிப்பு வந்துவிடும்.

அதையே தாலாட்டாகப் பாடுங்கள். கொட்டு வேண்டாம், தொட்டில் போய் வருகிற வேகம் போதும். குரல் அதிகம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இப்போது "கண்ணு, வீட்டில் பூண்டு இருக்கு, பயப்படாதே" என்று ஒரு தாய் பிள்ளைக்குத் தைரியம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவதாக, ஒப்பாரி. எடுத்த எடுப்பிலேயே குரலை மேலே வைத்து, படிப்படியாக இறங்கி வாருங்கள். கடைசி "லே"யை இழுத்து, மூச்சு தீரும்போது விட்டுவிடுங்கள். இப்போது கேட்பவருக்கு வேறொரு வீடு தெரியும். விதைப் பூண்டுக்கு அந்த வியாபாரியிடமே முன்பணம் வாங்கிவிட்டு, அவன் சொன்ன விலைக்கே தலையாட்டுகிற வீடு. ஒரு வார்த்தைகூட மாறவில்லை. மெட்டுதான் மாறியது.

ஒப்பாரியை மேடையில் பாடலாமா, அபசகுனம் இல்லையா என்று சில அக்காமார் கேட்பார்கள். சாவைச் சொல்லும் வார்த்தை வேண்டாம், அந்த இறக்கம் மட்டும் போதும். நம் அப்பத்தாக்கள் நாத்தனார் கொடுமையையும், அண்ணன் தம்பி கைவிட்டதையும் வாய்விட்டுச் சொன்னது ஒப்பாரியில்தானே? மற்ற நாளில் சொன்னால் சண்டை, அன்று மட்டும் ஊரே நின்று கேட்கும். கூட்டத்தில் வாய் திறக்காத உறுப்பினருக்கு இந்த மெட்டு கை கொடுக்கும். என் யோசனை: முதல் இரண்டு அடியை ஒப்பாரி மெட்டில் ஒருவர் பாடட்டும். "சேர்ந்து விற்போம்" என்று வருகிற இடத்தில் எல்லாரும் கும்மிக்கு மாறுங்கள். ஒற்றைக் குரல் பத்துக் கையாக ஆகிற அந்த இடம் பேச்சில் வராது.

சரி, மெட்டு மனசில் ஒட்டுவது எப்படி? தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்து வருகிறவர்களைக் கவனியுங்கள். காவடிச் சிந்து அந்த நடைக்கென்றே அமைந்த மெட்டு. தகிட தகிட என்று மும்மூன்றாக விழும். இதில் பெரிய பேர் எடுத்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகன்மேல் பாடினார், ஊற்றுமலை ஜமீன் ஆதரித்தது. 1891-ல் இளம் வயதிலேயே மறைந்தும், அவர் சிந்து இன்னும் பாடப்படுகிறது. காலும் மூச்சும் சேர்ந்து போகிற பாட்டை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் பூண்டு உரிக்கிற கை, கேரட் கழுவுகிற கை, காப்பிப் பழம் பறிக்கிற கை எந்த வேகத்தில் போகிறதோ அதையே தாளமாக வையுங்கள்.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் பல்லாயிரம் பேர் சைக்கிள் பழகினார்கள். அதற்கு முத்து பாஸ்கரன் எழுதிய பாட்டு, தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்கிற பேச்சாகவே இருந்தது. கூப்பிடுகிற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தால் கேட்பவரும் கூடவே பாடுவார்.

மெட்டு ஒரே ஒரு இடத்தில் உச்சிக்கு ஏறினால் போதும். அங்கே நீங்கள் சொல்ல வந்த முக்கியமான வார்த்தையை வையுங்கள். "வா", "போ", "சேர்வோம்" மாதிரி நெடில் உள்ள சொல்லாக இருந்தால் குரல் நிற்கும். குறிலை இழுத்தால் ஆபத்து! "பணம்" என்பது "பாணம்" ஆகும். "குடியை விடு" என்று பாட ஆரம்பித்து "கூடியை வீடு" என்று முடித்தால், குடிக்கிறவருக்குத்தான் கொண்டாட்டம்.

சுருதிக்கு ஆர்மோனியம் தேடி அலைய வேண்டாம். குழுவில் மூத்த அக்காவுக்கு எட்டுகிற உயரத்தில் தொடங்குங்கள், மற்றவர்களுக்கும் எட்டும்.

பாட்டு தயாரானதும் இரண்டு கூட்டத்தில் நோட்டு இல்லாமல் பாடுங்கள். ஒரு வாரம் கழித்து, கூட்டத்துக்கு அம்மாவோடு வந்த பிள்ளைகள் விளையாடும்போது அதை முணுமுணுக்கிறார்களா என்று கவனியுங்கள். முணுமுணுத்தால் மெட்டு நின்றுவிட்டது. இல்லையென்றால் இரண்டாம் அடியைச் சுருக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் நீளமாக இருக்கும். நோட்டில் எழுதுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.