பாரசீகத்துக்கு ரயில் வராத கதை

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதத்தில் நீ கேட்டிருப்பது எளிதாகக் கடந்துபோகக்கூடிய கேள்வி அல்ல. இந்தியாவில் 1853-இலேயே பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் ஓடிவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், பயணிகளை ஏற்றி ஓடிய பாதை என்று சொல்ல, தெஹ்ரானிலிருந்து பக்கத்திலுள்ள ஷா அப்துல் அஸீம் அடக்கத்தலம் வரை பெல்ஜியக் கம்பெனி ஒன்று 1888-இல் போட்ட சுமார் 9 கிலோமீட்டர்தான் இருந்தது. வறுமையும் மலைகளும் காரணமா என்று கேட்கிறாய். அவை சிரமங்கள், தடைகள் அல்ல. உண்மையான தடை தாளில் எழுதப்பட்டு, கையெழுத்தாகி, பத்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்கப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்.

வடக்கே காஸ்பியன் கடல். அதன் தென்கரையை ஒட்டிச் சுவர் எழுப்பியதுபோல எல்புர்ஸ் மலை. அந்த மலைக்குத் தெற்கே தெஹ்ரான். மேற்கிலும் தெற்கிலும் ஸாக்ரோஸ் மலைத்தொடர் மடிப்பு மடிப்பாக இறங்கிப் பாரசீக வளைகுடா வரை போகிறது. நடுவில் உப்புப் பாலைவனங்கள். மக்களும் சந்தைகளும் இவற்றின் ஓரங்களில் சிதறிக் கிடந்தார்கள். தப்ரீஸ், இஸ்ஃபஹான், ஷிராஸ், மஷ்ஹத் எல்லாம் ஒன்றுக்கொன்று வாரக்கணக்கான பயண தூரம். சரக்கு கோவேறு கழுதையிலும் ஒட்டகத்திலும் போயிற்று. அதை ஓட்டிப் போகிறவர்களுக்குச் சார்வாதார் என்று பெயர். நாடு முழுவதற்கும் சர்க்கரையும் துணியும் உப்பும் சேர்த்தவர்கள் அவர்கள்தான். எந்த ராஜதந்திரியும் அவர்களைக் கேட்டுச் சாலை போட்டதில்லை என்பதை இந்தக் கடிதம் முழுக்க மனத்தில் வைத்திரு.

இந்த நாட்டை இரண்டு பேரரசுகள் இரண்டு முனையிலிருந்து நெருக்கின. ரஷ்யா 1813-இல் குலிஸ்தான் உடன்படிக்கையாலும் 1828-இல் துருக்மன்சாய் உடன்படிக்கையாலும் காக்கசஸ் பகுதியைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது உடன்படிக்கை அதோடு நிற்கவில்லை. காஸ்பியன் கடலில் ரஷ்யப் போர்க்கப்பல் மட்டுமே ஓடலாம், ரஷ்யச் சரக்குக்கு 5 சதவீதத்துக்கு மேல் சுங்கம் இல்லை என்றும் எழுதி வாங்கியது. பிரிட்டனின் கவலை வேறு. இந்தியாவுக்கு வரும் வழியில் எவனும் வந்து நின்றுவிடக் கூடாது. 1856-இல் பாரசீகப் படை ஆப்கானிய நகரான ஹெராத்தைப் பிடித்தபோது, பம்பாயிலிருந்து படை அனுப்பி வளைகுடாவில் புஷெஹ்ர் துறைமுகத்தைக் கைப்பற்றி, 1857-இல் பாரிஸ் உடன்படிக்கை மூலம் ஹெராத்தை விட்டுக்கொடுக்க வைத்தது.

இவர்களுக்கு நடுவே 1848 முதல் 1896 வரை ஆண்டவர் நாசிருத்தீன் ஷா. கஜானா எப்போதும் காலி. நாட்டில் உருப்படியாக எதையாவது கட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, ஐரோப்பாவைச் சுற்றிப்பார்க்கப் பணமும் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் கிடைத்த ஒரே வழி உரிமைப் பத்திரம் விற்பது. ஒரு வெளிநாட்டுக்காரர் முன்பணமும் லாபத்தில் பங்கும் தருவதாகச் சொல்வார். பதிலுக்கு ஒரு தொழிலோ பாதையோ சுரங்கமோ இத்தனை ஆண்டுக்கு அவருக்கு மட்டும் என்று ஷா முத்திரை வைத்துக் கொடுப்பார். பத்திரம் கைக்கு வந்தபின் அவர் வேலையைத் தொடங்கலாம். தொடங்காமல் வேறொருவருக்கு விற்கலாம். எதுவும் செய்யாமல் போட்டியாளன் நுழைய முடியாதபடி வைத்துக்கொண்டும் இருக்கலாம். இந்த மூன்றாவது பயன்தான் பாரசீகத்தின் தலையெழுத்தை எழுதியது.

செய்தி நிறுவனம் நிறுவிய பாரன் ராய்ட்டருக்கு 1872-இல் ஷா கொடுத்த பத்திரத்தைப் பார். 70 ஆண்டுகளுக்கு ரயில், டிராம், பெரும்பாலான சுரங்கங்கள், நீர்ப்பாசனம், அரசுக் காடுகள். 25 ஆண்டுகளுக்குச் சுங்க வசூல். ஒரு நாட்டின் எதிர்காலம் ஒரே ஆளிடம் போய்விட்டது. ரஷ்யா கொதித்தது. உள்நாட்டில் முல்லா அலீ கனீ போன்ற மார்க்க அறிஞர்களும் அரண்மனைப் பிரபுக்களும் எதிர்த்தார்கள். லண்டன் அரசும் ராய்ட்டருக்காக வரிந்துகட்டவில்லை. 1873-இல் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பிய ஷா, பத்திரத்தை முடிவு செய்த பிரதம அமைச்சரை விலக்கினார், ஆண்டு முடிவதற்குள் பத்திரத்தையும் ரத்து செய்தார். ராய்ட்டர் கட்டிய 40,000 பவுன் வைப்புத்தொகை பறிபோயிற்று. அவர் விடவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் நச்சரித்து, 1889 ஜனவரியில் நோட்டு அச்சடிக்கும் தனியுரிமையோடு பாரசீக இம்பீரியல் வங்கியைப் பெற்றார்.

இனிதான் உன் கேள்விக்கான விடை. 1888-இல் தெஹ்ரானுக்கு வந்த பிரிட்டிஷ் தூதர் சர் ஹென்றி டிரம்மண்ட் வுல்ஃப் சுறுசுறுப்பான மனிதர். அந்த ஆண்டு செப்டம்பரில், வடக்கே ரஷ்யாவுக்கு ரயில் உரிமை கொடுத்தால் தெற்கே பிரிட்டனுக்கும் கொடுக்க வேண்டும் என்ற வாக்குறுதியை ஷாவிடம் வாங்கினார். அக்டோபரில் தென்மேற்கே வளைகுடாப் பக்கம் பாயும் காரூன் நதியின் கீழ்ப்பகுதி, அஹ்வாஸ் வரை, எல்லா நாட்டு வணிகக் கப்பல்களுக்கும் திறக்கப்பட்டது. எல்லா நாட்டுக்கும் என்றாலும் ஓடத் தயாராக நீராவிப் படகு வைத்திருந்தது லிஞ்ச் சகோதரர் கம்பெனி, அதாவது பிரிட்டன். ரஷ்யத் தூதர் இளவரசர் டோல்கொருகோவ் சும்மா இருப்பாரா? 1889-இல் ரயில் விஷயத்தில் ரஷ்யாவுக்கு முன்னுரிமை என்று எழுதி வாங்கினார். 1890 நவம்பரில் விஷயம் முற்றியது. பத்து ஆண்டுகளுக்குப் பாரசீக அரசு தானும் ரயில் போடாது, யாரையும் போடவும் விடாது என்று ரஷ்யாவுடன் ஒப்பந்தம். 1900-இல் அது மேலும் பத்து ஆண்டு நீண்டது.

தன்னால் அப்போது போட முடியாத ரயிலை வேறு யாரும் போடக் கூடாது என்பது ரஷ்யாவின் கணக்கு. பிரிட்டனுக்கும் இதில் பெரிய வருத்தம் இல்லை. வடக்கிலிருந்து வரும் தண்டவாளம் ஒருநாள் ரஷ்யப் படையை வளைகுடாவில் கொண்டுவந்து இறக்கிவிடும் என்று அஞ்சியவர்கள் லண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்தார்கள். எதிரிகள் இருவர் ஒத்துப்போன விஷயம் பாரசீகம் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது ஒன்றே. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. ஒரு தலைமுறை விவசாயி தன் விளைச்சலை அடுத்த மாகாணத்துக்குக் கூடக் கட்டுப்படியான செலவில் அனுப்ப வழியில்லாமல் இருந்தான்.

ரயிலுக்குத் தடை, வண்டிச் சாலைக்கு இல்லை. ஆகவே போட்டி சாலைக்குத் திரும்பியது. 1893-இல் ஒரு ரஷ்யக் கம்பெனி காஸ்பியன் கரையிலுள்ள அன்ஸலீ துறைமுகத்திலிருந்து ரஷ்த் வழியாகக் கஸ்வீன் வரை சாலை போட உரிமை பெற்றது. பிறகு அதையே தெஹ்ரானுக்கு நீட்டியது. எல்புர்ஸ் மலையைக் குடைந்தும் சுற்றியும் போகும் கடினமான சாலை அது. 1899-இல் திறந்தார்கள். சக்கர வண்டி போனது, வழியெங்கும் சுங்கச்சாவடியில் காசு வசூலானது, ரஷ்யச் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் துணியும் தலைநகரில் மலிவாக இறங்கின.

தெற்கே பிரிட்டனின் முயற்சி தட்டுத்தடுமாறியது. தெஹ்ரானிலிருந்து காரூன் பகுதி வரை சாலை போடும் உரிமையை இம்பீரியல் வங்கி 1890-இல் ஏற்றது. கோம் நகர் வரை வந்ததும் பணமும் ஊக்கமும் தீர்ந்தன. பிறகு லிஞ்ச் கம்பெனி புத்திசாலித்தனமான வேறு வழியைப் பிடித்தது. அஹ்வாஸுக்கும் இஸ்ஃபஹானுக்கும் இடையிலுள்ள ஸாக்ரோஸ் மலைகள் பக்தியாரி இனத்தாரின் கோட்டை. உரிமை தெஹ்ரானில் அந்த இனத்தின் கான்களின் பெயரிலேயே பெறப்பட்டது. கம்பெனி பாதையைச் செப்பனிட்டது, பள்ளத்தாக்குகளின் மேல் இரும்புத் தொங்குபாலங்கள் இரண்டைக் கட்டியது, கான்கள் சுங்கம் வசூலித்தார்கள். நூற்றாண்டு முடியும் தறுவாயில் திறந்த இந்தப் பாதையில் சக்கர வண்டி போகாது, கோவேறு கழுதைதான். ஆனாலும் புஷெஹ்ரிலிருந்து செங்குத்தான கணவாய்களில் ஏறி ஷிராஸ் வழியாக வருவதைவிடத் தூரம் குறைவு. மத்திய அரசைச் சுற்றிப்போய் ஒரு மலைத்தலைவருடன் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கமும் இங்கே வேர்விட்டது. பின்னாளில் எண்ணெய்க் கம்பெனி இதே கான்களிடம்தான் வந்து நின்றது.

இப்போது அந்தச் சாலைகளை வரைபடத்தில் பென்சிலால் கோடிட்டுப் பார். ஒன்று ரஷ்யக் கடலிலிருந்து தலைநகருக்கு, இன்னொன்று வளைகுடாவிலிருந்து இஸ்ஃபஹானுக்கு. தப்ரீஸையும் மஷ்ஹத்தையும், ஷிராஸையும் கெர்மானையும் இணைக்க யாரும் பத்திரம் கேட்கவில்லை.

வெளியாரின் தேவையே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது எல்லைப்புறத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 1881 ஜனவரியில் ஸ்கோபெலெவ் என்ற ரஷ்யத் தளபதி கோக் தெபே கோட்டையில் துருக்மேனியரை நசுக்கினார். காஸ்பியனுக்குக் கிழக்கே ரஷ்ய ரயில் 1885-இல் அஷ்காபாத்தை எட்டியது. அங்கிருந்து கூச்சான் வழியாக மஷ்ஹத்துக்கு வண்டிச் சாலை வந்தது. 1889-இல் அவ்வழியே நுழைந்த கர்சன், பிறகு வைஸ்ராயாக வந்தவர், 1892-இல் பாரசீகத்தைப் பற்றி எழுதிய இரண்டு பெரிய தொகுதிகளில் இதை விவரிக்கிறார். அவரைப் படி, ஆனால் அவர் எல்லாவற்றையும் இந்தியப் பாதுகாப்பு என்ற ஒரே சன்னல் வழியே பார்ப்பவர் என்பதை மறக்காதே. 1881 டிசம்பரில் ரஷ்யாவும் பாரசீகமும் கையெழுத்திட்ட அக்கால் உடன்படிக்கையில் கோட்டை கொத்தளங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஓடைகளைப் பற்றிய பிரிவு. மலையில் பிறந்து ரஷ்யப் பக்கம் பாயும் ஓடைகளின் கரையில் பாரசீகர் புதுக் கிராமம் அமைக்கக் கூடாது, சாகுபடியை விரிவாக்கவும் கூடாது. வரைந்த கோட்டைவிடத் தண்ணீர் கெட்டியான எல்லை. கிழக்கே சீஸ்தானிலும் இதே சிக்கல். பிரிட்டிஷ் அதிகாரி கோல்ட்ஸ்மிட் 1872-இல் பாரசீகத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் பிரித்துக் கொடுத்த எல்லை ஹெல்மந்த் நதியை நம்பியது. நதி தடம் மாறியதும் தகராறு திரும்பி, இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி மக்மஹன் 1905-இல் பாரசீகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நீர் என்று தீர்ப்பளித்தார். தெஹ்ரான் அதை ஏற்கவில்லை. அந்தச் சீஸ்தானுக்குத்தான் குவெட்டாவிலிருந்து நுஷ்கீ வழியாகப் பலூச்சிப் பாலையைத் தாண்டி ஒட்டகப் பாதை ஒன்றை இந்திய அரசு திறந்தது. இந்தியத் தேயிலை அதில் மஷ்ஹத் சந்தை வரை போயிற்று.

மக்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடாதே. 1890-இல் நாட்டின் புகையிலை முழுவதையும் மேஜர் டால்பட் என்ற ஆங்கிலேயருக்குக் கொடுத்தபோது, சாமர்ராவிலிருந்த மிர்ஸா ஹசன் ஷீராஸி பெயரில் 1891 டிசம்பரில் மார்க்கத் தீர்ப்பு ஒன்று வந்தது. கடைகள் அடைந்தன, ஷாவின் அந்தப்புரத்திலேயே ஹூக்கா அணைந்தது. அடுத்த மாதமே உரிமை முழுவதும் ரத்து. அதற்கான நஷ்ட ஈடு 5 லட்சம் பவுன், இம்பீரியல் வங்கியிடமே வாங்கிய கடன். நாட்டின் முதல் வெளிநாட்டுக் கடன் அப்படி வந்தது. 1906-இல் அரசியல் சட்டம் கேட்டு எழுந்தவர்களில் பலர் இந்தக் கிளர்ச்சியில் பாடம் படித்தவர்கள். அவர்களது மஜ்லிஸ், அதாவது நாடாளுமன்றம், கூடி ஓராண்டு ஆவதற்குள், 1907 ஆகஸ்ட் 31 அன்று, ரஷ்யாவும் பிரிட்டனும் பீட்டர்ஸ்பர்கில் உட்கார்ந்து பாரசீகத்தை வடக்கு, தென்கிழக்கு என்று செல்வாக்கு மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. பாரசீகத்தை யாரும் கேட்கவில்லை.

காஸ்பியனையும் வளைகுடாவையும் இணைக்கும் 1,394 கிலோமீட்டர் ரயில் பாதை 1938-இல்தான் முடிந்தது. அப்போது ஆண்ட ரஸா ஷா அதற்கு அந்நியக் கடன் வாங்கவில்லை. சர்க்கரைக்கும் தேயிலைக்கும் வரி போட்டு, ஏழை வீட்டுத் தேநீரிலிருந்து அந்தப் பணத்தை எடுத்தார். மூன்றே ஆண்டில், 1941 ஆகஸ்டில், பிரிட்டிஷ் படையும் சோவியத் படையும் உள்ளே நுழைந்து அந்தத் தண்டவாளத்தைத் தங்கள் போருக்கு எடுத்துக்கொண்டன. அது தனிக் கதை. இந்தக் கடிதத்தில் உனக்கு விளங்காததை எழுது, அதையும் சேர்த்து அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா