இணைப்பு வரம்பை உயர்த்தலாமா?

கேள்வி: விடுதி அறை முன்பதிவுக்குத் தளம் நடத்துகிறோம். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு அறை தேடிக் கூட்டமாக நுழையும்போது, 'இணைப்புகள் அதிகம்' என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மறுக்கிறது. வரம்பை 100-லிருந்து 1000 ஆக்கலாமா?
– வாசகர், செம்மேடு, கொல்லிமலை

பதில்: வேண்டாம். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி புராசஸ் தொடங்கும், மெமரி கரையும். நான்கு கோர் சர்வரில் நூற்றுக்கணக்கான வினவல்கள் ஒரே நேரத்தில் ஓடினால் எல்லாருக்கும் தாமதம்தான். மலையேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகளை ஒரேயடியாக விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே, இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சரை வையுங்கள். வெளியே ஆயிரம் இணைப்புகளை அது ஏற்கட்டும். உள்ளே தரவுத்தளத்துக்குப் பத்து, இருபது போதும். 'டிரான்சாக்ஷன்' முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் வேலை முடிந்ததும் அதே இணைப்பு அடுத்தவருக்குப் போகும். செஷனை நம்பிய வசதிகள் சில இந்த முறையில் இயங்காது, முன்பே சோதியுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பணம் செலுத்தும் பக்கம் பதில் தரும்வரை டிரான்சாக்ஷனைத் திறந்தே வைக்கிறதா உங்கள் நிரல்? மலையில் சிக்னல் தள்ளாடும். வாடிக்கையாளர் ஓடிபி போடுவதற்குள் இணைப்பு வீணாகச் சிறைப்பட்டிருக்கும். அறையைப் பத்து நிமிடம் 'ஒதுக்கியது' எனக் குறித்து டிரான்சாக்ஷனை உடனே முடியுங்கள். பணம் வந்ததும் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். வேலையின்றித் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷனைத் துண்டிக்கும் கால வரம்பு 9.6 பதிப்பிலிருந்தே உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். 30 விநாடி வைத்து, ஆனி மாதத்திலேயே சோதித்துவிடுங்கள்.