சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா? திறக்காத பி.டி.எஃப். சொல்லும் பாடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து இ-சேவை மையத்துக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய புகார் இது: "ஆதார் டவுன்லோட் ஆயிடுச்சு சார், ஆனா திறக்கவே மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு வருது." பெயரும் சரி, பிறந்த வருடமும் சரி. அப்புறம் எங்கே தப்பு? பல நேரம் சின்ன எழுத்து, பெரிய எழுத்து குழப்பம்தான்.

தமிழில் 'அ' என்றால் 'அ'தான். வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் வேறு வடிவம் என்பதெல்லாம் கிடையாது. அதனால் ஆங்கிலத்தின் கேப்பிடல், ஸ்மால் இரண்டையும் ஒரே எழுத்தாகவே நம் கண் எடுத்துக்கொள்கிறது. கணினி அப்படி எடுத்துக்கொள்ளாது. அதற்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். பெரிய 'ஏ' 65. சின்ன 'ஏ' 97. கடவுச்சொல்லில் 65 இருக்க வேண்டிய இடத்தில் 97 வந்தால், கதவு திறக்காது.

இ-ஆதார் கோப்புக்கான கடவுச்சொல்லில் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் வரும், நான்குமே கேப்பிடலில். அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு. சுரேஷ் குமார் 1990-இல் பிறந்தவர் என்றால் எஸ், யூ, ஆர், இ, பிறகு 1990. நம்ம ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் மாட்டிவிடும். ஆதாரில் 'பி. குமார்' என்று இருந்தால் முதல் நான்கு என்பது பி, புள்ளி, கே, யூ. புள்ளி கணக்கில் உண்டு, இடைவெளி கணக்கில் இல்லை. கே-யில் தொடங்கி அடித்தால் எத்தனை தடவை முயன்றாலும் திறக்காது. பெயரே மூன்று எழுத்து என்றால் மூன்றோடு நிறுத்தி ஆண்டைச் சேர்க்க வேண்டும். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் ஆதார் உதவி எண் 1947.

வருமான வரி இணையதளத்துக்குப் போனால் விதி தலைகீழ். சம்பளத்தில் வரி பிடித்தவர்கள் பார்க்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறக்க, பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேர்க்க வேண்டும். பான் அட்டையிலோ எல்லாம் கேப்பிடலில் அச்சாகியிருக்கும்! அட்டையைப் பார்த்து அப்படியே அடிப்பவர் தோற்பது அவர் குற்றமில்லை. இ-பான் கோப்புக்கு எழுத்தே வேண்டாம், பிறந்த தேதி மட்டும் போதும். மூன்று கோப்பு, மூன்று விதி. குடிமக்களை இப்படிச் சுற்ற விட வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான்.

செல்போனில் இன்னொரு தொல்லை. சில கட்டங்களில் முதல் எழுத்தைத் தானாகவே கேப்பிடல் ஆக்கிவிடும். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்தால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரலாம். கண் படத்தை அழுத்தி, அடித்ததை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சிப்காட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் தம்பிகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஃபேனுக் கன்ட்ரோலரில் புரோகிராம் எண்ணே 'ஓ' என்ற எழுத்தில் தொடங்கி, பிறகு பூஜ்ஜியங்களும் எண்களுமாக வரும். எழுத்து எது, பூஜ்ஜியம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைவிட ஆபத்து தசமப் புள்ளி. பல கன்ட்ரோலர்களில், 'எக்ஸ் 10' என்று எழுதிப் புள்ளி வைத்தால் 10 மில்லிமீட்டர். புள்ளி விட்டுப்போனால் 10 மைக்ரான், அதாவது 0.01 மில்லிமீட்டர். ஒரு புள்ளியில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். பைத்தான் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான்: ஒரே பெயரைக் கேப்பிடலில் தொடங்கி ஓரிடத்திலும் ஸ்மாலில் இன்னோரிடத்திலும் எழுதினால் அவை இரண்டு வேறு பெயர்கள். வரி தொடக்கத்தில் விடும் இடைவெளிகூட அங்கே அர்த்தமுள்ளது.

'ஓ'வும் பூஜ்ஜியமும் பணத்திலும் விளையாடும். வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் மொத்தம் 11 இடங்கள்: முதலில் நான்கு எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம், மீதி ஆறு கிளைக்கானவை. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஐந்தாம் இடத்தில் 'ஓ' போட்டால் குறியீடு செல்லாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் வண்டி எண்களில், திருவள்ளூரின் டி.என். 20-க்குப் பிறகு வரும் எழுத்துகளிலும் சரி, ஓ, ஐ இரண்டையும் பயன்படுத்துவதில்லை.

தமிழில் பெரிய எழுத்து இல்லை என்றேன். தட்டச்சில் அது பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. ஆங்கில ஒலிப்பு முறையில் தமிழ் அடிப்பவர்களுக்குச் சின்ன 'எல்' என்றால் 'ல', பெரிய 'எல்' என்றால் 'ள'. ஷிஃப்ட் விசையை அழுத்த மறந்தால் 'பள்ளி'க்குப் பதில் 'பல்லி' வந்துவிடும். மனுவில் சிரிப்பு, சான்றிதழில் அலைச்சல். தமிழ்99 விசைப்பலகையில் ல, ள இரண்டுக்கும் தனித்தனி விசை இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லா இடத்திலும் பயப்பட வேண்டாம். மின்னஞ்சல் முகவரியையும் இணையதளப் பெயரையும் எந்த எழுத்தில் அடித்தாலும் பொதுவாகப் போய்ச் சேரும். ஆனால் இணையதளப் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு வரும் பகுதியை, கொடுத்தபடியே அடிக்க வேண்டும்.

படிவத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கேப்பிடலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையெழுத்தில் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியும், பதிவு செய்பவர் தடுமாற மாட்டார். அதையே முழுப் பக்க ஆங்கில அறிவிப்புக்குச் செய்தால் எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நின்று, படிக்க வேகம் குறைகிறது. தொழிற்சாலை வாசலில் பாதுகாப்பு விதிகளை ஒட்டுகிறவர்கள், தலைப்பை மட்டும் கேப்பிடலில் போட்டுவிட்டு மீதியைச் சாதாரணமாக அச்சிடலாம். பக்கத்திலேயே தமிழிலும் இந்தியிலும் ஒன்று ஒட்டினால் இன்னும் நல்லது.