மூணாவது வீடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய 'வசூல்' விளையாட்டின் பில்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் மூன்று தடவை கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இனிமேல் எழுதப்போவதைப் படித்தால் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாய்.

மூணாவது வீடு. தையல்காரம்மாவுக்கு மீட்டர் வட்டி நாலு வாரம் பாக்கி. வசூல் பையன் வாசலில் நிற்கிறான். திரையில் நாலு வழி காட்டுகிறாய்: தவணை கொடு, அசிங்கமாகப் பேசு, மிஷினைத் தூக்கு, கையை ஓங்கு. நாலாவதை அமுக்கினேன். (ஆர்பிஜி ஆடுகிறவன் எல்லாக் கதவையும் தள்ளித்தான் பார்ப்பான். சேவ் பண்ணிவிட்டுத் தள்ளுவான், அது வேறு விஷயம்.) திரை இருண்டது. 'மறுநாள் காலை' என்று எழுத்து வந்தது. மறுநாள் அதே வாசலைத் தாண்டிப் போகிறேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்கிறார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

'சென்சார் பிரச்சினை வராம முடிச்சிருக்கேண்ணே' என்று எழுதியிருந்தாய். எந்த சென்சார்? சினிமாவுக்கு வாரியம் இருக்கிறது. நம் நாட்டில் வீடியோ கேமுக்கு அப்படி ஒன்று கிடையாது. கூகுள் பிளேயில் ஏற்றினால் கேள்வித்தாளை நீயேதான் நிரப்புவாய், அதற்கேற்ற வயது முத்திரை விழும். 2008-இல் ஃபால்அவுட் 3-இன் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பு இந்தியாவுக்கு வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்ததே, அதுவும் அவர்களாக எடுத்த முடிவுதான். கலாசார உணர்வுகள் என்று பொதுவாக ஒரு காரணம் சொன்னார்கள். அந்த விளையாட்டில் இரண்டு தலை மாட்டுக்கு 'பிராமின்' என்று பெயர். அதனால்தான் என்று நாங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டோம், அவர்கள் வாய் திறக்கவில்லை. நீயும் அதே மாதிரி பயத்தில்தான் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறாய்.

இருட்டாக்கியதில் எனக்குப் புகாரே இல்லை. ஒரு பொம்பளை அடி வாங்குவதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. இருட்டு விலகிய பிறகு ஊரே மறந்துபோனதே, அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு பழைய கதை. 1999-இல் பாரிமுனை நடைபாதையில் நூறு ரூபாய் கொடுத்து ஃபால்அவுட் 2 சிடி வாங்கினேன். அதில் 'டென்' என்று ஒரு கேடுகெட்ட ஊர் வரும். அங்கே கடைக்குள் போய்விட்டு வெளியே வந்தால் பையில் ஏதாவது குறையும். ஒருநாள் மருந்து, ஒருநாள் தோட்டா. வாசலில் ஆள் நடமாட்டமே இருக்காது. சிடியில்தான் கோளாறு என்று மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் வேறொன்று மாற்றிக்கொடுத்தார். அதிலும் திருட்டு! பல வருஷம் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. என் கையில் இருந்தது ஐரோப்பியப் பதிப்பு. மூல விளையாட்டில் அந்தக் கடை வாசல்களில் பொடியன்கள் நிற்பார்கள், உரசிக்கொண்டு போகிறவர்களிடம் பிக்பாக்கெட் அடிப்பார்கள். அந்த விளையாட்டில் குழந்தைகளையும் சுட முடியும். அது கூடாது என்று ஐரோப்பாவுக்கு அனுப்பிய பதிப்பில் பிள்ளைகளின் உருவத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். கை அங்கேயேதான் இருந்திருக்கிறது, என் பைக்குள்.

மூலத்தில் குழந்தையைக் கொன்றவனுக்கு 'சைல்ட்கில்லர்' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். கூலி வாங்கிக்கொண்டு ஆள் பிடிக்கிறவர்கள் பாலைவனத்தில் தேடிக்கொண்டு வருவார்கள். அந்தக் கொலைக்கு அங்கே கணக்கு இருந்தது.

2011-இல் விட்சர் 2-க்கும் ஆஸ்திரேலியாவில் இதே கதை. பக்கக் கதை ஒன்றில் உடலுறவு பரிசாகக் கிடைக்கிறது என்று முதலில் சான்றிதழ் மறுத்தார்கள். திருத்தி அனுப்பிய பதிப்பில் நாயகன் ஜெரால்ட் தானாகவே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறான். ஆடுகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் இருட்டைவிட அது மேல் என்றுகூடச் சொல்வேன். அங்கே நடக்காததை நடக்கவில்லை என்றாவது சொன்னார்கள்.

அதே நாட்டில் 2021-இல் டிஸ்கோ எலிசியத்துக்கு மறுத்தார்கள். போதைப்பொருள் எடுத்தால் நாயகனுக்குத் திறன் கூடுகிறதாம். மேல்முறையீடு போய், இரண்டே மாதத்தில் வயது வந்தோருக்கான சான்றிதழ் கிடைத்துவிட்டது. மறுஆய்வுக் குழு என்ன சொன்னது தெரியுமா? தொடர்ந்து எடுத்தால் பின்விளைவு இருக்கிறது, விளையாட்டே அதை ஊக்கப்படுத்தவில்லை என்றது. பின்விளைவுதான் அந்த விளையாட்டைக் காப்பாற்றியது. நீ அதைத்தான் முதலில் வெட்டியிருக்கிறாய்.

அடுத்து அந்தச் சனியன் பிடித்த பாவ மீட்டர். நாலாவது வழியை அமுக்கியதும் சிவப்பில் 'பாவம் 20' என்று மிதந்து வருகிறது. கோயில் உண்டியலில் நூறு ரூபாய் போட்டால் ஐந்து கழிகிறது. நாலு தடவை போட்டேன். நானூறு ரூபாயில் சுத்தமாகிவிட்டேன். வட்டிக்கடை முதலாளி செய்கிற காரியம் அது, விளையாட்டை எழுதுகிறவன் செய்யலாமா? ஃபால்அவுட்டிலும் கர்மா எண் இருந்ததே என்பாய். இருந்தது. இன்றைக்கு யாருக்கும் தன் எண் ஞாபகமில்லை, பட்டம் மட்டும் ஞாபகமிருக்கிறது.

உனக்கு ஊரை ஞாபகம் வைக்கவைக்கத் தெரியாது என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பழைய சேவ் ஃபைலைத் திரும்ப லோட் பண்ணி மூணாவது வழியையும் அமுக்கினேன். மிஷின் போய்விட்டது. மறுநாள் உள்ளே எட்டிப் பார்த்தால், சிமெண்டுத் தரையில் மிஷின் கால் பதிந்த நாலு பள்ளம், அதைச் சுற்றி ஊதா நூல் துணுக்குகள். அந்த அம்மா ஊசியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். டீக்கடைக்காரர் எனக்கு டீ கொடுக்கும்போது பேச்சை நிறுத்திவிடுகிறார். இந்தத் தொழிலில் இருபது வருஷமாக வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்த நாலு பள்ளம் மாதிரி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. எங்கேயிருந்து பிடித்தாய்? உன் வீட்டிலேயே பார்த்ததா? சொல்ல வேண்டாம்.

மிஷினைத் தூக்கினால் ஊரே பேசுகிறது, அவரை அடித்தால் யாருக்கும் தெரியவில்லை. இதை நீ தெரிந்து செய்திருந்தால் உன் காலில் விழுவேன். தெரியாமல்தான் செய்திருக்கிறாய், அந்தத் தண்ணி வசனமே காட்டிக்கொடுக்கிறது.

பெரிய வேலை ஒன்றுமில்லை. இருட்டு இருக்கட்டும். மறுநாள் கதவு சாத்தியிருக்கட்டும். தட்டினால் உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடட்டும். பாவ மீட்டரைக் கழற்றி எறி, உண்டியல் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதுகிற பையன் ஒருவன் இருக்கிறானே, அவன் விஷயமும் இருக்கிறது. திரை இருளுவதற்கு முன் ஓங்குகிற என் உருட்டுக்கட்டை அவனைப் புகைக்குள் போகிற மாதிரி கடந்துபோகிறது, அவன் பாட்டுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் மேல் அடி விழக்கூடாது என்று நீ நினைப்பது எனக்குப் புரிகிறது, எனக்கும் அதேதான். அன்றைக்குச் சாயங்காலம் அவனை டியூஷனுக்கு அனுப்பிவிடு. எட்டு மணிக்குத் திரும்பி வரட்டும்.

அடுத்த பில்ட் எப்போது?

அன்புடன்,
அண்ணன்