நீதிமன்றத்தில் முதல் நாள்

தாசேக் கெலுகோர் வட்டாரத் தோட்டமொன்றில் ஒட்டுப்பால் களவு போனதாகப் புகார் எழுந்து, தொழிலாளி ஒருவர் கைதாகிறார் என வைத்துக்கொள்வோம். மறுநாள் அவரைப் பட்டர்வொர்த் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்கின்றனர். அன்றே தீர்ப்பும் கிடைத்துவிடும் என்றெண்ணி வீட்டார் கலங்குகின்றனர். உண்மை அதுவன்று.

கைதானவரை விடுவிக்காவிடில், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டுமென்று நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆம் விதி கூறுகிறது. கைதின் காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அவருக்குள்ள உரிமையும் அவ்விதியிலேயே அடங்கும். இந்த முதல் நாள், பெரும்பாலும் தடுப்புக்காவலை நீட்டிக்கப் போலீசார் அனுமதி கேட்கும் நாளேயாகும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றமெனில் முதன்முறை 4 நாளும் மறுமுறை 3 நாளும் வரையே அனுமதி கிட்டும். சாதாரணத் திருட்டு இவ்வகையைச் சார்ந்தது. குற்றவாளியா, அல்லவா என்னும் கேள்வி அன்று எழுவதில்லை. உடல்நலக் குறைவோ, அடிபட்ட காயமோ இருப்பின் அதனை மாஜிஸ்திரேட்டிடம் அப்போதே கூறிவிடல் வேண்டும்.

குற்றஞ்சாட்டப்படும் நாள் வேறு. அன்று குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்படும். மலாய்மொழி நன்கு விளங்காதவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனத் தயங்காது கேட்கலாம். விளங்காமல் தலையாட்டுவது பெருந்தீங்கு. பின்னர், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, விசாரணை கோருகிறீரா எனக் கேட்பர்.

"ஒப்புக்கொண்டுவிடு, அபராதத்தோடு போய்விடும்" என்று லயத்தில் அறிவுரை கூறுவோர் உண்டு. அபராதத்தைக் கட்டப்போவதும் சிறைக்குச் செல்லப்போவதும் அவர்கள் அல்லர். திருட்டுக் குற்றத்திற்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. மேலும், மாஜிஸ்திரேட்டின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்துப் பொதுவாக மேல்முறையீடு செய்ய இயலாது. தண்டனையின் அளவையோ அதன் சட்டப் பொருத்தத்தையோ மட்டுமே எதிர்க்கலாம். விசாரணை கோருவது நீதிமன்றத்தை அவமதிப்பதாகாது. மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லையே என்பார்க்கு, 2011இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் உள்ளது. யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்பது அதன் மலாய்ப்பெயர். கைது, தடுப்புக்காவல், ஜாமீன், குற்றச்சாட்டு ஆகிய கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு அதன் வழக்கறிஞர்கள் உதவுகின்றனர். குற்றச்சாட்டுக் கட்டம் முதல் வருமானமும் கருதப்படும்.

விசாரணை கோரியபின் ஜாமீன் பேச்சு வரும். ஆதலால், ஜாமீனாளியாக நிற்க இசையும் உறவினர் ஒருவர் அடையாள அட்டையுடன் காலையிலேயே நீதிமன்றம் வந்திருத்தல் நலம். குடும்பநிலை, பிள்ளைகள், வேலை ஆகியவற்றைக் கூறித் தொகையைக் குறைக்குமாறு வேண்டலாம். அடுத்து வரவேண்டிய தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்று வராதிருப்பின் கைதாணை பிறக்கும், ஜாமீனாளி கட்டிய பணமும் பறிபோகக்கூடும்.