இடக்கைக்கு விதித்த நியமங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் முடிந்து நான் மண்டகப்பட்டுக்குத் திரும்பியபோது, கண்டம் தப்பியவளென்று ஊரார் கொண்டாடினார்களேயன்றி, இடக்கையைக் காப்பது என்ற ஆயுட்கால உத்தியோகம் எனக்கு வாய்த்திருப்பதை ஒருவரும் அறிந்தாரில்லை.

அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்தபின், கையிலிருந்து வடிய வேண்டிய நீர் தங்கி வீக்கம் காணக்கூடும் என்பதும், அது பல வருஷங்கள் கழித்தும் நேரலாம் என்பதும், ஒரு முள் கீறிய வழியே கிருமி புகுந்தாலும் கை சிவந்து ஜுரம் வரலாம் என்பதும் டாக்டர்கள் எனக்கு விளங்கச் சொன்னவை. ஆகையால் மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில், "பிடுங்கறத நான் பாத்துக்கறேன், நீங்க ஆய்ஞ்சு போடுங்க அண்ணி" என்று நாத்தனார் சொல்ல, நான் துணியுறை மாட்டிக்கொண்டு வரப்பில் உட்காருவேன். ரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் கூடியமட்டும் வலக்கையையே நீட்டுவேன். வளைகாப்பு வீடுகளில் வளையற்காரர் இடக்கையைப் பற்றி இறுக்கமான வளையலை ஏற்ற முயலும்போது மறுப்பதற்குத்தான் சற்றுச் சாமர்த்தியம் வேண்டும்.

மோதிரம் இறுகுவதும், நேற்றுவரை சரியாயிருந்த ரவிக்கைக் கை இன்று பிடிப்பதும் வீக்கத்தின் ஆரம்ப லட்சணங்கள். அப்பொழுதே டாக்டரிடம் போனால் பயிற்சியும், மசாஜும், மீள்தன்மையுள்ள கையுறையும் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடும். பச்சிலைப் பற்றும் சூட்டு ஒத்தடமும் சொல்பவர்கள் அன்பினாலேதான் சொல்கிறார்கள். ஆயினும் அவர்கள் வார்த்தையைக் கேட்டு நாள் கடத்தலாகாது. சிவப்போடு ஜுரமும் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போவது அவசியம்.

இத்தனை ஜாக்கிரதைக்காகக் கையைத் தூளியிலிட்ட குழந்தைபோல் அசையாமல் வைத்திருப்பதும் பிசகு. சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே நடத்துவது காலை நியமம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் அமைத்ததாக விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரோடு மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துவைத்த எங்களூர்க் குடைவரை வரை நடந்து வருவது மாலை நியமம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய ஆஸ்பத்திரியில் எனக்குக் குறித்துக் கொடுக்கும் பரிசோதனைத் தவணைகள், முதல் சில வருஷங்களில் அடுத்தடுத்தும், பின்னர் வருஷத்துக்கொன்றாகவும் வருவன. மற்ற மார்பகத்துக்கும் வருஷந்தோறும் மாமோகிராம் உண்டு. நடவுக்கு ஆள் கிடைப்பதே அபூர்வமான நாளில் தவணை வந்து நின்றால், நான் ஒத்திப்போடுவது நடவைத்தான்.